புளியமரத்தடி சாம்பா

நேயர்களுக்கு வணக்கம். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் நடக்கும் கார்னிவல் திருவிழா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1984இல் ஆஸ்கார் நிமேயரின் வடிவமைப்பில் எழுந்த சம்போட்ரோமோ அரங்கில் நடுவர்கள் மதிப்பெண் இட நடைபெறும் 'சாம்பா பள்ளிகள்' எனும் பெருங்குழுக்களின் அணிவகுப்பே. சாம்பா என்பது அந்நாட்டின் ஆடல் பாடல் இசை. ஆனால் அந்நகரின் ஒவ்வொரு பேட்டையிலும், நுழைவுச்சீட்டோ மேடையோ இன்றித் தெருவில் இறங்கி ஆடும் 'புளோக்கோ' எனும் குழுக்கள் உண்டு. சாம்பாவின் ஓசையை மாற்றியமைத்த பெருமை, அத்தகைய ஒரு தெருக் குழுவுக்கு உரியது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அதன் பெயர் காசிக்கி டி ராமோஸ். நகரின் வடபகுதியில், உழைக்கும் மக்கள் வாழும் ராமோஸ் பேட்டையைச் சேர்ந்த சில குடும்பங்கள் கூடி, 1961ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், அதாவது ரியோவின் காவல் புனிதரான செபஸ்தியாரின் திருநாளன்று, இதைத் தொடங்கின. காசிக்கி என்றால் பழங்குடித் தலைவன். நிறுவியவர்களில் உபிரஜாரா, உபிரானி எனப் பழங்குடிப் பெயர் தாங்கிய சகோதரர்கள் இருந்தமையால் அப்பெயர் பொருந்தியது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு நிறங்களில் உருவம் அச்சிட்ட தோல் போன்ற துணியை உடுத்தி, தலையில் இறகு சூடி, ஆயிரக்கணக்கானோர் நகர மையத்துப் பெருவீதியில் ஒரே பாட்டைப் பாடிச் செல்வது இவர்கள் வழக்கம். அந்த வேடம் பிரேசிலின் பழங்குடியினரைவிட அமெரிக்கக் கௌபாய்த் திரைப்படங்களுக்கே அதிகம் கடன்பட்டது. அது குறித்து இன்று எழும் விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சிறுத்தைப் புள்ளி உடையணிந்த பாஃபோ டா ஒன்சா எனும் போட்டிக் குழுவை எதிர்கொண்டபோது, பாட்டுப் போட்டி கைகலப்பாக முடிந்த காலமும் உண்டு.

எனினும் இக்குழு வரலாற்றில் இடம்பிடித்தது ஊர்வலத்தால் அன்று. அதன் முற்றத்தில் புதன்கிழமை தோறும் கூடிய நண்பர் கூட்டத்தால்தான். கால்பந்து ஆடிவிட்டு, உண்டு குடித்து, பிறகு மேசையைச் சுற்றி அமர்ந்து பாடுவார்கள். அவர்களுக்கு நிழல் தந்தது ஒரு புளியமரம். இரவில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று மிரட்டி வளர்க்கப்பட்ட நமக்கு வியப்பாக இருக்கலாம். அவர்களோ அம்மரத்தைத் தம்மைக் காக்கும் தெய்வம்போல் போற்றுகிறார்கள்.

திறந்த வெளியில் பலர் சேர்ந்து பாடும்போது, கவாக்கின்யோ எனும் நான்கு தந்திச் சிறு கித்தாரின் ஒலி அமுங்கிப் போகும். எனவே அல்மிர் கினெட்டோ, தோல் போர்த்திய பாஞ்சோவின் உடலில் கவாக்கின்யோவின் கழுத்தையும் சுருதியையும் பொருத்திக்கொண்டார். தோளில் தொங்கவிட்டுக் கோலால் அடிக்கும் சுர்டோ பெருமுரசு, உட்கார்ந்து பாடுவோருக்கு ஒத்துவராது. செரேனோ அதற்குப் பதிலாக, மடியில் கிடத்தி ஒரு கையால் தோலையும் மறு கையால் மரத்தையும் தட்டும் தந்தான் எனும் நீள்முழவைக் கொண்டுவந்தார். உபிரானியோ, கோலால் வாசித்துவந்த ரெப்பிக்கி முரசைக் கைவிரல்களால் வாசிப்பதற்கேற்பத் திருத்தியமைத்தார். நம் கஞ்சிராவை ஒத்த பாண்டெய்ரோ, உபிரஜாராவின் கையில் இருந்தது. குழுவின் தலைவராக நெடுங்காலம் விளங்கியதால், 2025இல் மறையும்வரை 'பிரா பிரெசிடெஞ்சி' என்றே ஊர் அவரை அழைத்தது.

ஒரு கால்பந்து வீரர் அழைத்துவர, புகழ்பெற்ற பாடகி பெத் கார்வாலியோ இந்த முற்றத்துக்கு வந்தார். கேட்டவர் அத்துடன் நிற்கவில்லை. 1978இல் வெளியான தம் இசைத்தட்டில் இவர்களையே வாசிக்கவைத்தார். தேர்ந்த ஒலிப்பதிவுக் கலைஞர்கள் கைவசம் இருந்தும் பேட்டைக்காரர்களை நம்பிய அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். 1980இல் இவர்கள் ஃபுண்டோ டி கின்டால், அதாவது கொல்லைப்புறம், என்ற பெயரில் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். பகோஜி எனப்படும் சாம்பா வகை நாடெங்கும் பரவியது இதன் பிறகுதான். சாவோ பாவ்லோவின் இளம் குழுக்களும் தந்தானையும் கை ரெப்பிக்கியையும் பாஞ்சோவையும் ஏந்தின.