தலையிடிக்குப் பல்லைப் பிடுங்கலாமா?

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பல் வைத்தியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தலையிடியைப் பற்றிப் பேசப் பல் வைத்தியரை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் யோசித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் சிலர் பல்லில் எந்தக் குறையும் இல்லாமல் கடுமையான பல்வலியோடு வருகிறார்கள். வேறு சிலருக்குப் பல்லெல்லாம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். ஆனால் பல்லைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள். விடிய எழும்பும்போதே தலையிடி என்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிறையப் பல்லும் நிறையக் காசும் வீணாகப் போகின்றன. அதைத் தடுக்கத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கை விரல்களையும் நெற்றிப்பொட்டில் வையுங்கள். இப்போது கடைவாய்ப் பற்களை இறுக்கிக் கடியுங்கள். விடுங்கள். திரும்பவும் கடியுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று புடைத்து எழும்புகிறதல்லவா? அது மெல்லுகிற தசை. காதுக்கு மேலே மண்டையின் பக்கவாட்டில் அகலமாகத் தொடங்கி, கன்ன எலும்புக்கு உள்ளால் இறங்கிக் கீழ்த்தாடையைப் பிடித்திருக்கிறது. நெற்றிப்பொட்டில் இடிக்கிறது என்று நாம் பாம் பூசித் தேய்க்கிற இடத்தில், தோலுக்குக் கீழே இருப்பது இதுதான். இன்னொரு தசை சொக்கையில் இருக்கிறது. கையை அங்கே வைத்துக் கடித்தால் அதுவும் கல்லாக இறுகும். இரவு முழுக்க இந்த இரண்டும் இறுகிக் கிடந்தால் காலையில் எங்கே வலிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, தசை வலி தசை வலியாகவே தெரிய வேண்டியதுதானே, ஏன் ஒற்றைத் தலையிடியோடு, அதாவது மைகிரேனோடு, குழம்புகிறது? அதற்குக் காரணம் முகத்துக்கு உணர்வு கொடுக்கிற நரம்பு. மூளையிலிருந்து புறப்படுகிற 12 சோடி நரம்புகளில் ஐந்தாவது அது. மூன்று கிளை கொண்டது. மேல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் போகிறது, நடுக்கிளை மேல்தாடைக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும், கீழ்க்கிளை கீழ்த்தாடைக்கும் கீழ்ப்பற்களுக்கும் மெல்லுகிற தசைகளுக்கும். மூளைக்கு வலி தெரியாது. ஆனால் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு வலி தெரியும். அந்த உறையின் வலியையும் பெரும்பாலும் இதே நரம்பின் மேல் கிளைதான் எடுத்துப் போகிறது. எல்லாக் கிளைகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. பிடரியின் மேல்பகுதி நரம்புகளும் அங்கேதான் வருகின்றன. நாலு ஊர்க் கடிதங்களும் ஒரே தபால் கந்தோருக்கு வந்து, அனுப்பியவர் முகவரி மட்டும் அழிந்திருந்தால் எப்படி இருக்கும்? வலி வந்தது மூளைக்குத் தெரிகிறது. மூளை உறையிலிருந்தா, கடைவாய்ப் பல்லிலிருந்தா, தாடை மூட்டிலிருந்தா, பிடரியிலிருந்தா என்பதில்தான் தடுமாற்றம்.

இனி ஒற்றைத் தலையிடியைப் பற்றி. மைகிரேன் என்று எல்லாத் தலையிடிக்கும் பெயர் வைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. மைகிரேன், மருந்து எடுக்காமல் விட்டால் 4 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலம் வரை நிற்கும். பெரும்பாலும் ஒரு பக்கம், விண் விண் என்று துடிக்கும், படியேறினால் கூடும். அதோடு வயிற்றைப் பிரட்டும் அல்லது சத்தி வரும். இல்லாவிட்டால் வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, இருட்டறையில் போய்ப் படுக்கச் சொல்லும். சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும். இது மூளையின் நோய், பரம்பரையில் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. பல் இதை உண்டாக்குவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: பல்லைச் சரிசெய்தால் மைகிரேன் அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் தாடை வலி வேறு, மைகிரேன் வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்துவிடவும் முடியாது. மைகிரேன் உள்ளவர்களிடம் தாடை மூட்டு, தசைக் கோளாறுகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. தாடை வலி உள்ளவர்களிடம் மைகிரேனும் அப்படித்தான். மூளைத்தண்டில் அந்தச் சேருமிடம் ஏற்கெனவே சூடேறிக் கிடக்கும்போது, கீழிருந்து தாடைத் தசை ஓயாமல் வலியை அனுப்பிக்கொண்டிருந்தால், மாதத்துக்கு இரண்டு தடவை வந்த தலையிடி எட்டுத் தடவை வரலாம். தாடையைக் கவனித்தால் அந்தக் கூடுதலைக் குறைக்கப் பார்க்கலாம். நோயையே எடுத்துவிட முடியாது. நான் தரக்கூடிய நம்பிக்கை அந்த அளவுதான், ஆனால் மாதத்தில் ஆறு நாள் மிச்சம் என்றால் அது பெரிய விடயம்.

இன்னொரு வகை இருக்கிறது, என்னை அதிகம் வருத்துவது அதுதான். மைகிரேன் தலையில் வராமல் முகத்திலும் மேல்தாடையிலும் மட்டும் வரும். அரிதுதான், ஆனால் வருகிறது. 2020இல் வெளியான வாய், முக வலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தார், வீட்டில் தையல் தைப்பவர். மேல்வரிசையில் இடப்பக்கம் பின்னால் மூன்று பல் இல்லை. என்னம்மா நடந்தது என்று கேட்டேன். வலித்தது, ஒன்றைக் கழற்றினார்கள்; வலி போகவில்லை, பக்கத்துப் பல்லாக இருக்கும் என்று அதையும்; பிறகு அதற்கடுத்ததையும். அவர் பையில் பழைய எக்ஸ்ரே படம் வைத்திருந்தார். அதில் மூன்றும் நல்ல பற்கள், சூத்தையில்லை, வேரில் சீழில்லை. வலி எப்போது வரும் என்று கேட்டேன். மாதவிடாய்க்கு முதல் நாள், இல்லாவிட்டால் சாப்பாடு பிந்தினால். வந்தால் ஒரு நாள் நிற்கும். சத்தி வருமா? வரும் டொக்டர். வெளிச்சம்? யன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பேன். தாய்க்கும் தலையிடி. இந்த நாலு கேள்வியை முதலில் கேட்டிருந்தால் மூன்று பல்லும் அவர் வாயில் இருந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பக் கொடுக்க முடியாத எதையும் தலையிடிக்காக உங்கள் வாயில் செய்ய விடாதீர்கள். பல்லைக் கழற்றுவது, கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகிற விதம், சரியில்லை என்று நல்ல பல்லை ராவுவது, வாய் முழுக்கப் பற்களுக்குத் தொப்பி (கிரவுன்) போடுவது எல்லாம் அதில் அடங்கும். சூத்தையும் சீழும் இருந்தால் அது வேறு கதை, அதற்கு வைத்தியம் செய்தே ஆக வேண்டும்.

இந்தக் கடி விடயம் எப்படி வந்தது தெரியுமா? 1934இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கொஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை வைத்தியர், கடைவாய்ப் பல் இழந்தவர்களுக்குத் தாடை மூட்டு அமுங்கிக் காது நோவும் தலையிடியும் வருகின்றன என்று எழுதினார். மூட்டை எல்லோரும் கவனிக்கத் தொடங்கியது நல்லது. ஆனால் அவர் சொன்ன விளக்கம் உடற்கூற்றோடு ஒத்துப்போகவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்படியிருந்தும் கடியைத் திருத்தினால் தலையிடி தீரும் என்ற எண்ணம் பல் வைத்தியத்தில் பல தலைமுறை ஓடியது. எங்கள் துறையில் இது நடந்தது, நாங்கள்தான் சொல்ல வேண்டும். 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் நீண்டகாலத் தாடை வலிக்கு ஒரு வழிகாட்டி வந்தது. அதில் முன்னுக்கு நிற்பவை தாடைப் பயிற்சி, தசையைப் பிடித்துவிடுதல், கழுத்து தோள் நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, மனதையும் பழக்கத்தையும் திருத்தும் ஆலோசனை இவைதான். இரவில் போடும் பிளாஸ்டிக் தகடு வலிக்கு வைத்தியம் என்று அந்த வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. பல் நறநறப்பவருக்குப் பல் தேயாமல் காக்க அது உதவும், அதற்காக நான் கொடுக்கிறேன். தலையிடிக்கு மருந்து என்று சொல்லிக் கொடுப்பதில்லை.

உங்கள் தலையிடியில் தாடைக்குப் பங்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் எழும்பும்போது தாடை இறுகியிருக்கும். நெற்றிப்பொட்டில் உள்ள வலி கடினமானதை மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் கூடும். அந்த இடத்தை அழுத்தினால், உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலி வரும். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பாருங்கள், ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கலாம். சொக்கையின் உள்பக்கம் வெள்ளைக் கோடு இருக்கலாம். உங்கள் மூன்று விரலை நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். போனால் வாய் போதுமான அளவு திறக்கிறது. வாய் திறக்கும்போது டக் என்று சத்தம் மட்டும் வந்து வலி இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அதற்கு வைத்தியம் தேவையில்லை.

விரல் போகவில்லையென்றால் மூட்டு என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். நம் பக்கத்தில் வெற்றிலை, பாக்கு, பாபுல் என்கிற பாக்குக் கலவை போடுகிறவர்கள் அதிகம். பாக்கினால் சொக்கையின் உள்தோல் வெளிறி, நார் பாய்ந்து, வாய் ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல இறுகும். காரம் பட்டால் எரியும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவு சொன்னது. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். ஐயா, வெற்றிலைத் தட்டத்தை மறைக்க வேண்டாம், நான் திட்ட வரவில்லை. நாளைக்கு ஒருக்கால் பல் கிளினிக்குக்கு வந்து வாயைக் காட்டுங்கள்.

தாடை வலி வேறு உருவத்திலும் வரும். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் தலையிடி, தலை சீவினால் நோகுது, மெல்லும்போது தாடை களைத்து வலித்து நிறுத்தினால் குறைகிறது என்றால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கண் பார்வை போய்விடக்கூடியது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடக்கும்போது, பாரம் தூக்கும்போது தாடை வலித்து வியர்த்தால் இருதயமாக இருக்கலாம். 1990ஐ அழுத்தி அம்புலன்சைக் கூப்பிடுங்கள், பல் வைத்தியரிடம் வர வேண்டாம். பல் தீட்டும்போதோ முகத்தில் காற்றுப் படும்போதோ கரண்ட் அடித்தமாதிரி சில வினாடி வெட்டுகிற வலி இன்னொரு நோய். அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது. அதற்கும் பல்லைக் கழற்றக் கூடாது.

இனி வீட்டில் செய்யக்கூடியது. உதடு மூடியிருக்கட்டும், பல் தொடாமல் இருக்கட்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய தேவையே இல்லை. வலை பொத்துகிறவர்கள் நைலோன் நூலைப் பல்லால் கடித்து அறுப்பதைச் சல்லியிலும் சாம்பல்தீவிலும் நான் கண்டிருக்கிறேன், தையல் தைக்கிறவர்களும் அப்படித்தான். ஒரு சின்னக் கத்தரியைக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். வலி உள்ள கிழமையில் கச்சான், முறுக்கு, கரும்பு, இழுத்துக் கடிக்கும் றொட்டி வேண்டாம். சோறு, இடியப்பம், புட்டு போதும். சுடுதண்ணீரில் பிழிந்த துணியைச் சொக்கையில் 15 நிமிடம் வையுங்கள். வெறும் வயிறு மைகிரேனுக்கு எதிரி, ஆகவே விரதம், நோன்பு பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கதைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாம்.

அப்புறம் பனடோல். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், அந்த மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும். கலவை மாத்திரைகளுக்கும் மைகிரேனுக்கென்றே உள்ள மாத்திரைகளுக்கும் அந்தக் கணக்கு 10 நாள்தான். அடிக்கடி வருகிற மைகிரேனுக்கு அதை வராமல் தடுக்கிற மருந்துகள் இருக்கின்றன. நம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு தாய் கேட்டார்: மகளுக்குத் தலையிடி, பல்லுக்குக் கம்பி போட்டால் போகும் என்கிறார்கள், போடலாமா? அம்மா, பல் ஒழுங்கில்லை என்று மகள் விரும்பினால் போடுங்கள். தலையிடிக்காகக் கடன்பட்டுப் போட வேண்டாம்.

பின்வரிசையில் இருந்த ஓர் ஆசிரியர் கேட்டார், முதலில் யாரிடம் போவது என்று. ஒரு கொப்பி வாங்குங்கள் சேர். தலையிடி வந்த திகதி, எத்தனை மணி, எந்தப் பக்கம், அன்றைக்கு நித்திரை எப்படி, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள், பெண்கள் என்றால் மாதவிடாய் நாள், காலையில் தாடை இறுகியிருந்ததா என்று ஒரு மாதம் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு வெளிநோயாளர் பிரிவு வைத்தியரிடம் போங்கள். தாடை என்ற குறிப்பு அதில் அடிக்கடி வந்தால் அதே கொப்பியோடு எங்களிடம் வாருங்கள். அரச பல் கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசில்லை.