ரயில் சத்தத்தில் தொடங்கும் முதல் ஆல்பம்

எல்லோருக்கும் வணக்கம். "நூலகத்தில் ராப் பாட்டைப் பற்றிப் பேச்சா?" என்று வாசலில் ஒரு அண்ணாச்சி கேட்டார். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நாகர்கோவில்காரர்கள் இதைப் பேசாமல் வேறு யார் பேசுவார்கள் என்று சொல்லி அவரையும் உள்ளே கூட்டி வந்தேன். முன்வரிசையில் இருக்கிறார்.

நாஸ் என்ற அமெரிக்க ராப் பாடகரின் முதல் ஆல்பம் 'இல்மாட்டிக்'. 1994 ஏப்ரல் 19 அன்று வெளிவந்தபோது அவருக்கு வயது 20. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நியூயார்க்கில் குயின்ஸ்பிரிட்ஜ் என்ற பெரிய அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1992இல் உயிர் நண்பனைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தவர். ஆல்பத்தில் மொத்தம் 10 தடங்கள்தான். 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

அட்டைப்படத்தைப் பாருங்கள். ஏழு வயதுப் பையனின் முகம். அந்த முகத்துக்குள்ளேயே அவன் தெரு தெரிகிறது. முகம் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. முதல் தடத்தில் பாட்டுக்கு முன்னால் ரயில் ஓடும் சத்தம் வருகிறது. அடுத்ததில், எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை என்று முணுமுணுத்துவிட்டுப் பாட ஆரம்பிக்கிறார். அதை ஒரே மூச்சில் பாடிப் பதிவு செய்தார் என்று அதற்கு இசையமைத்த டிஜே பிரீமியர் சொல்லியிருக்கிறார். இன்னொரு பாட்டில் பெரும்பகுதி, சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள். உனக்குப் பையன் பிறந்திருக்கிறான், தெருவில் இன்னார் இப்படி ஆனார் என்று ஊர்ச்சேதி சொல்கிறார். நாஸின் அப்பா ஓலு தாரா ஜாஸ் கலைஞர். மகனின் ஆல்பத்தில் ஒரு பாட்டின் முடிவில் அவரே கார்னெட் ஊதுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

என் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கோவில் கொடை இரவுகளில் நான் குடத்துக்குப் பக்கத்தில்தான் தூங்குவேன். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொல்வார். கூட இருப்பவர்கள் "ஆமா" என்பார்கள். கதை சுடலைமாடனுடையதாக இருந்தாலும் நம் ஊர்க் குளமும் ஆலமரமும் உள்ளே வந்துவிடும். கேட்கிற கிழவி, தன் வீட்டுக் கதை என்று கண்ணைத் துடைப்பாள். அந்த ஆல்பத்தை முதலில் கேட்டபோது எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்த "ஆமா" மட்டும் எனக்குள்ளிருந்து வந்தது.

சரி, நம் பிள்ளைகளிடம் வருகிறேன். தூத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் போன மாதம் தன் பாட்டுகளைச் செல்பேசியில் போட்டுக் காட்டினான். தாளம் சுத்தம், வேகம் அபாரம். ஆனால் அத்தனையிலும் அவன் ஏறாத கார், அவன் பார்க்காத துப்பாக்கி. "வேறு இல்லையா மக்கா?" என்றேன். தயங்கினான். "ஒண்ணு இருக்கு சார், எங்க ஊர்ப் பேச்சுல எழுதினது, நல்லாயிருக்காது" என்றான்.

ஒக்கிப் புயல் அடித்த 2017இல் அவனுக்கு எட்டு வயது. கடலுக்குப் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அம்மா மடியில் இவனும் இருந்திருக்கிறான். கையில் மாமாவின் புகைப்படம். மாமா திரும்பி வரவில்லை. பாட்டு முழுக்க அந்தப் பகல்தான்: தண்டவாளத்துச் சூடு, ஜெபமாலை சொல்லும் பெண்கள், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்த யாரோ ஒரு அக்கா. ரயில் சத்தத்தில்தான் இவன் பாட்டும் தொடங்குகிறது. நின்றுபோன ரயிலின் ஹாரன்.

இல்மாட்டிக்கை அவன் அதுவரை கேட்டதே இல்லை.

ஆல்பம் போட்டால் இதுதான் முதல் பாட்டாக இருக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். இன்னும் யோசிக்கிறான். நீங்களும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவன் வந்திருக்கிறான். மேலே வா மக்கா, மைக்கைப் பிடி.