குளக்கட்டை உயர்த்தினால் சரிவு மாறக்கூடாது: கணினி வரைபடத்தில் கட்டுப்பாடுகள்

[திரை: வெற்றுப் பின்னணியில் ஒரு சரிவகம். மேல்கோடு குட்டை, அடிக்கோடு நீளம்.]

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து பேசுகிறேன். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களைச் சுற்றி வளர்ந்த எங்களுக்கு இந்தப் படம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒரு குளக்கட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். உயரம் 4 மீற்றர். மேலே நடந்து போகிற அகலம் 3 மீற்றர். தண்ணீர் நிற்கும் பக்கம் 1க்கு 2.5 சரிவு, அதாவது ஒரு மீற்றர் ஏறுவதற்கு இரண்டரை மீற்றர் கிடையாகப் போகிறது. வெளிப்பக்கம் 1க்கு 2. கூட்டிப் பார்த்தால் அடி அகலம் 10, 3, 8, மொத்தம் 21 மீற்றர்.

இவை பயிற்சிக்காக நான் எடுத்த எண்கள். உண்மையான கட்டின் சரிவு அந்த இடத்து மண்ணைச் சோதித்த பிறகுதான் முடிவாகும்.

[திரை: மேல்கோடு 0.5 மீற்றர் மேலே இழுக்கப்படுகிறது. அடிக்கோடு அசையவில்லை.]

இப்போது கட்டை அரை மீற்றர் உயர்த்தச் சொல்கிறார்கள். நான் மேல்கோட்டைப் பிடித்து 0.5 மேலே இழுக்கிறேன். இரண்டே வினாடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடி 21 மீற்றரிலேயே நிற்கிறது, சரிவுகள் இரண்டும் நிமிர்ந்துவிட்டன. தண்ணீர்ப் பக்கம் 10ஐ 4.5ஆல் வகுத்தால் 2.22. வெளிப்பக்கம் 8ஐ 4.5ஆல் வகுத்தால் 1.78. இந்தப் படத்தை நம்பி மண் கொட்டினால் கட்டு உயரமாகும், ஆனால் முன்பு இருந்ததைவிடப் பலவீனமாகும். மாரி மழையில் குளம் நிரம்பி நிற்கும்போது சறுக்குவது இப்படிப்பட்ட சரிவுதான்.

படத்தில் நான் ஒரு கோட்டைக்கூடப் பிழையாகக் கீறவில்லை என்பதைக் கவனியுங்கள். சரிவு மாறக்கூடாது என்பது என் மனதில் இருந்தது, படத்தில் இருக்கவில்லை. மனதில் இருப்பதைப் படத்துக்குள் எழுதி வைக்கிற வழிதான் கட்டுப்பாடு. வகுப்பில் கொன்ஸ்ட்ரெயின்ட் என்று சொல்லித் தருவார்கள்.

[திரை: ஒரு யன்னல் நிலையின் படம். அதன்மேல் ஓர் அளவு.]

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன். படவரைஞராக வேலை தொடங்கிய புதிதில் ஒரு வீட்டுப் படத்தில் யன்னலை மூன்றரை அடியில் இருந்து நாலு அடியாக்கச் சொன்னார்கள். அவசரம். கோட்டை நகர்த்தாமல் அளவின் மேல் இரண்டு தரம் தட்டி, எழுத்தை மட்டும் நாலு அடி என்று மாற்றிவிட்டேன். மேசன் எழுத்தைப் பார்த்துச் சுவரில் இடம் விட்டார். தச்சருக்கு நிலையின் அளவை நான் கோட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். நிலையைத் தூக்கி வைத்தபோது அரை அடி இடைவெளி. மேசன் ஐயா கோபப்படவில்லை. படத்தை விரித்துக் காட்டி, “தம்பி, உங்கட படத்தில நாலு அடி எண்டுதானே கிடக்கு” என்றார். அவர் சொன்னது சரி. பிழை முழுவதும் என்னுடையது. நிலை செய்த பலகைக்கான காசையும் நானே கொடுத்தேன்.

ஆகவே இன்றைய பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சாதாரண அளவு கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்கிறது. அளவுக் கட்டுப்பாடு எண்ணைப் பார்த்துக் கோட்டை நகர்த்துகிறது. முதலாவதில் கோடுதான் எசமான், இரண்டாவதில் எண்தான் எசமான். கட்டுப்பாடு போட்ட யன்னலில் 4 என்று தட்டினால் யன்னலே நாலு அடியாகிவிடும். எழுத்து ஒன்று, கோடு ஒன்று என்று பிரிந்து நிற்க வழி இல்லை.

[திரை: பராமெட்ரிக் என்ற தாவல் திறக்கிறது. சின்னச் சின்னக் குறிகள்.]

அளவுக் கட்டுப்பாடு ஒரு வகை. இன்னொரு வகை வடிவக் கட்டுப்பாடு. அதில் எண்ணே கிடையாது, உறவு மட்டும்தான். இந்தக் குறிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரண தரக் கேத்திரகணிதத்தில் நீங்கள் எழுதிய அதே சொற்கள்தான்: சமாந்தரம், செங்குத்து, கிடை, நிலைக்குத்து, ஒருமையம், தொடலி, சமச்சீர். இரண்டு கோட்டின் முனைகள் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, இரண்டு கோடுகள் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் மொத்தம் 12 இருக்கின்றன. அன்றாட வேலைக்கு ஆறு ஏழு போதும்.

மேசன் நூல் கட்டுவதும், தூக்குக்குண்டு தொங்கவிடுவதும், மூலைமட்டம் வைப்பதும் இதே வேலைதான். ஒரு வித்தியாசம்: நூலை அவிழ்த்த பிறகு சுவருக்கு நூலின் ஞாபகம் இருக்காது. படத்தில் போட்ட கட்டுப்பாடு நீங்கள் அழிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருக்கும்.

இது புதுச் சங்கதி என்று நினைக்கிறவர்கள் இருப்பீர்கள். 1963இல் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வுக்காக ஸ்கெட்ச்பாட் என்ற நிரலைச் செய்தார். ஒளிப்பேனாவால் திரையில் கோணல்மாணலாக ஒரு படத்தைக் கீறி, இந்தக் கோடுகள் செங்குத்தாகட்டும் என்று கட்டளையிட்டால் அது தானே நிமிர்ந்துகொள்ளும். அதாவது கணினியில் படம் வரையத் தொடங்கியபோதே கட்டுப்பாடும் கூடப் பிறந்துவிட்டது. 1982இல் வெளிவந்த ஓட்டோகாட்டுக்குத்தான் இது 2010ஆம் ஆண்டுப் பதிப்பு வரை வந்து சேரவில்லை. அதனால்தான் பழைய ஆட்களிடம் பழகிய பலர் அந்தத் தாவலைத் திறந்தே பார்த்ததில்லை.

[திரை: நாலு தனித்தனிக் கோடுகள், தோராயமாக ஒரு சரிவகம் போல.]

சரி, குளக்கட்டுக்கு வருவோம். இந்த முறை அளவைப் பற்றிக் கவலைப்படாமல் கையால் கீறுவது போல நாலு கோட்டைப் போடுகிறேன்.

ஒரு கோட்டுக்கு இரண்டு முனை. ஒவ்வொரு முனையும் இடம்வலமாக அசையலாம், மேல்கீழாக அசையலாம். ஆகவே ஒரு கோட்டுக்கு நாலு அசைவு. நாலு கோட்டுக்கு 16. எங்கள் வேலை இந்தப் பதினாறையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டுவது.

முதலில் முனைகளை இணைக்கிறேன். ஒரு மூலைக்கு இரண்டு அசைவு போகும். நாலு மூலைக்கு எட்டு. மீதி எட்டு. அடிக்கோடு கிடை, மேல்கோடு கிடை. மீதி ஆறு. இடப்பக்க அடிமூலையை ஓரிடத்தில் நிலைப்படுத்துகிறேன். மீதி நாலு.

[திரை: மேல்கோட்டை இழுக்க, வடிவம் ஆடுகிறது. ஆனால் உடையவில்லை.]

இப்போது இழுத்துப் பாருங்கள். ஆடுகிறது, நெளிகிறது, ஆனால் எப்படி இழுத்தாலும் கிடையான இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. வடிவம் சரியாகிவிட்டது, பருமன் மட்டும் இல்லை. இந்த இழுத்துப் பார்க்கிற பழக்கம் மிக முக்கியம். எண் போடுவதற்கு முன்னால் இழுத்துப் பார்த்தால், எந்த உறவு விடுபட்டிருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். வடிவம் முதலில், அளவு பிறகு. மாறிச் செய்தால், முதல் எண்ணைப் போட்டவுடன் படம் எங்கேயோ பாய்ந்து சுருண்டுவிடும்.

மீதி நாலு அசைவுக்கு நாலு அளவு. உயரம் 4. அதற்கு எச் என்று பெயர் வைக்கிறேன். மேல் அகலம் 3. அடுத்தது சரிவு, அங்கேதான் விடயம் இருக்கிறது. தண்ணீர்ப் பக்கத்து அடிமூலைக்கும் மேல்மூலைக்கும் இடையிலான கிடைத்தூரத்துக்கு 10 என்று நான் தட்டப்போவதில்லை. எச் பெருக்கல் 2.5 என்று தட்டுகிறேன். வெளிப்பக்கத்துக்கு எச் பெருக்கல் 2. இனி சரிவு ஓர் எண்ணாக இல்லாமல் உயரத்தோடு கட்டிய உறவாக நிற்கிறது.

இன்னொரு கவனம். பல பேர் குளக்கட்டைப் பார்த்தவுடன் சமச்சீர் கட்டுப்பாட்டைப் போட்டுவிடுவார்கள். படம் கிட்டத்தட்டச் சமச்சீராகத் தெரிவதால் வருகிற பிழை. இங்கே இரண்டு பக்கமும் வேறு வேறு சரிவு. கண்ணுக்குத் தெரிவதைக் கட்டாதீர்கள், வேலைக்குத் தேவையானதைக் கட்டுங்கள்.

[திரை: எச் 4.5 ஆகிறது. அடி இரு பக்கமும் விரிகிறது.]

எச்சை 4.5 ஆக்குகிறேன். அடி தானாக விரிந்தது: 11.25, 3, 9. மொத்தம் 23.25 மீற்றர். சரிவு இரண்டும் அப்படியே. வெட்டுமுகத்தின் பரப்பு 48 சதுர மீற்றரில் இருந்து ஏறக்குறைய 59 ஆகியிருக்கிறது. 100 மீற்றர் நீளக் கட்டுக்கு மேலதிகமாக 1,106 கன மீற்றர் மண், எங்கள் கணக்கில் சொன்னால் சுமார் 390 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மேல்கோட்டை மட்டும் இழுத்த பிழையான படத்தில் பரப்பு 54தான் வரும். அதை வைத்து மதிப்பீடு போட்டிருந்தால் 100 மீற்றருக்கு 180 கியூப் அளவில் மண் குறைந்திருக்கும். அதுவும் இறுக்கிய மண்ணின் கணக்கு. டிப்பரில் வருகிற தளர்ந்த மண் இன்னும் கூட வேண்டும்.

[திரை: அடி அகலத்துக்கும் ஓர் அளவு போட முயல, எச்சரிக்கை தோன்றுகிறது.]

அடி அகலத்தையும் கட்டிவிட்டால் என்ன? மென்பொருள் மறுக்கிறது. எல்லா அசைவும் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது, இன்னொரு கட்டு மற்றவற்றோடு மோதும் என்கிறது. வேண்டுமென்றால் பார்த்துக்கொள்வதற்கு மட்டுமான அளவாகப் போடவா என்று கேட்கிறது. ஆம் என்று சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் 23.25 வந்து நிற்கும். அது எதையும் நகர்த்தாது, ஆனால் உங்கள் வேலையைச் சரிபார்க்கும்.

இந்த மறுப்பைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். மேசன்மார் மூலை பார்க்கிற 3, 4, 5 முறையை நினையுங்கள். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி என்பார்கள். அதே முக்கோணத்துக்கு மூன்று நீளத்தையும் கட்டிய பிறகு செங்குத்துக் கட்டுப்பாட்டையும் போட்டால் மென்பொருள் ஏற்காது. நீங்கள் பிழையாகச் சொன்னதால் அல்ல, சொன்னதையே திரும்பச் சொன்னதால்.

[திரை: ஒரு கேற். நிலைக்குத்தான கம்பிகள்.]

வெல்டிங் கடை வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒன்று. கேற்றின் உள் அகலம் 1200 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் கம்பி ஒன்பது. இடைவெளிக்கு ஒரு சூத்திரம் எழுதலாம்: அகலத்தில் இருந்து கம்பிகளின் மொத்தத் தடிப்பைக் கழித்து, கம்பி எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். 109.2 வரும். அடுத்த வீட்டுக்காரர் 1500 கேட்டால் அகலத்தை மட்டும் மாற்றுங்கள், கம்பிகள் தாமே தள்ளி நிற்கும். ஆனால் இடைவெளி 139.2 ஆகிவிடும், ஆட்டுக்குட்டி நுழைந்துவிடும். இன்னும் மூன்று கம்பி வேண்டும் என்பதைக் கட்டுப்பாடு சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு கம்பி போட்டால் 104 அளவில் வரும்.

கட்டுப்பாடு போடவே கூடாத இடமும் உண்டு. நில அளவையாளர் அளந்து கொடுத்த காணி வரைபடம். தானியங்கிக் கட்டுப்பாடு என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஏறக்குறைய செங்குத்தாகத் தெரிவதையெல்லாம் அது செங்குத்தாக்கிவிடும். காணியின் எல்லை கோணலாக இருந்தால் அந்தக் கோணல்தான் உண்மை. அதைக் கணினி நிமிர்த்தினால் வேலி தகராறில் போய் முடியும்.

கடைசியாகச் சில கைப்பழக்கங்கள். சமாந்தரமோ செங்குத்தோ போடும்போது, முதலில் தொடும் கோடு நிற்கும், இரண்டாவது தொடும் கோடுதான் அசையும். ஆகவே அசையக்கூடாததை முதலில் தொடுங்கள். ஒரே ஒரு புள்ளியை மட்டும் நிலைப்படுத்துங்கள், பலவற்றைப் பூட்டினால் பிறகு எதுவும் நகராது. ஓட்டோகாட் வாங்க வசதி இல்லாதவர்கள் ஃப்ரீகாட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் எல்லா அசைவும் கட்டப்பட்டதும் கோடுகள் பச்சையாகும். மீதி எத்தனை என்று எண்ணியும் காட்டும். பழகுவதற்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

[திரை: கட்டின் படம் மீண்டும். எச் 4.]

இப்போது நீங்கள் செய்யுங்கள். நாலு கோடு, நாலு அளவு, பிறகு எச்சை 4.5 ஆக்கி அடி அகலத்தைப் பாருங்கள். 23.25 வந்தால் சரி. 22 வந்தால், தண்ணீர்ப் பக்கச் சரிவுக்கு உறவை எழுதாமல் 10 என்று எண்ணைத் தட்டியிருக்கிறீர்கள். 22.25 வந்தால் வெளிப்பக்கத்தில் 8 என்று தட்டியிருக்கிறீர்கள். 21இலேயே நின்றால் இரண்டு பக்கமும்.