குபோ கோல் அடித்தால்

நேயர்களுக்கு வணக்கம். டகேஃபுசா குபோ என்ற ஜப்பானியக் கால்பந்து வீரரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர்.

2001இல் கவாசாகியில் பிறந்தவர். பத்து வயதில் பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. 'ஜப்பானின் மெஸ்ஸி' என்ற பட்டமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அவ்வளவு பெரிய பெயரை ஏற்றியிருக்க வேண்டாம். வெளிநாட்டுச் சிறுவர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று ஃபிஃபா பார்சிலோனாவைத் தண்டிக்க, 2015இல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 2019இல், 18 வயது நிறைந்த கையோடு ரியல் மாட்ரிட் அவரை எடுத்தது. ஆனால் அதன் முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. மயோர்க்கா, வில்லாரியல், ஹெட்டாஃபே என்று மற்ற ஸ்பானிய அணிகளுக்கு அவரைத் தற்காலிகமாக அனுப்பிவைத்தார்கள், இரவல் வாழ்க்கைதான். புகழ் முன்னால் ஓடியது, ஆட்டம் பின்னால் போனது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் மூன்று ஆட்டங்களிலும் கோல் அடித்தார். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் மெக்சிகோவிடம் ஜப்பான் 3-1 என்று தோற்றது. கொரோனா காலம், சைத்தாமா மைதானத்தில் ரசிகர்களே இல்லை. நாடே கொண்டாடிய பையன் அந்தக் காலி இருக்கைகளுக்கு நடுவே தேம்பித் தேம்பி அழுதார். அதைப் பார்த்த அன்றுதான் இவர் என் மனதில் இடம் பிடித்தார்.

2022 உலகக் கோப்பை இன்னும் கசப்பு. ஜெர்மனி, ஸ்பெயின் இரண்டு ஆட்டங்களிலும் இடைவேளையோடு அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். ஸ்பெயினுடனான ஆட்டத்தில் அவருக்குப் பதிலாக இறங்கிய ரிட்சு டோவான் மூன்றே நிமிடத்தில் கோல் போட்டார். அடுத்த மூன்றாவது நிமிடம், கோட்டைத் தாண்டப்போன பந்தைக் காவோரு மிடோமா மயிரிழையில் காப்பாற்றித் தர, ஆவோ டனாகா வலைக்குள் தள்ளினார். ஜப்பான் முழுக்க மிடோமா, டோவான் பேச்சுதான். காய்ச்சலால் குபோ குரோஷியா ஆட்டத்தில் இறங்கவே இல்லை. ஜப்பானும் அதோடு வெளியேறியது.

ஆனால் அதே பருவத்தில் ஸ்பெயினின் வட கோடியில், சான் செபாஸ்டியன் என்ற சின்னக் கடலோர ஊரில் கதை வேறு. அந்த ஊரின் ரியல் சொசியெடாட் அணிக்காக லீகில் அவர் அடித்தது 9 கோல், ஒன்பதும் வெவ்வேறு ஆட்டங்களில். அந்த ஒன்பதிலும் அணி ஜெயித்தது! குபோ கோல் அடித்தால் வெற்றி நிச்சயம் என்று ஊரே நம்பத் தொடங்கியது. அணி லீகில் நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பாவின் சிறந்த கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்குப் போனது. வலது ஓரத்தில் பந்தை வாங்கி, இடது காலால் உள்ளே வெட்டி வருவார். தடுப்பவருக்கு அது தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியாது. பேட்டிகளில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது, சரளமான ஸ்பானியம். அங்கே அவர் யாருடைய நகலும் இல்லை, டகேஃபுசாவைச் சுருக்கி வெறும் 'டாகே'.

ஜப்பானில் இன்றும் பேஸ்பாலுக்கும் அதன் நட்சத்திரம் ஷோஹேய் ஓட்டானிக்கும்தான் முதலிடம், குபோ பின்னால்தான். சரி, இருக்கட்டும். குளிர்காலத்தில் ஸ்பெயினில் இரவு 9 மணிக்கு ஆட்டம் என்றால் டோக்கியோவில் விடிகாலை 5 மணி. அதற்கும் அலாரம் வைத்து எழுந்து உட்காருகிறவர்கள் அங்கே உண்டு.