குழந்தை விடிய விடியத் தூங்கினான், எனக்கு விலக்கு வந்தது

வணக்கம் தோழிகளே. குரலைத் தாழ்த்தித்தான் பேசுவேன், தொட்டிலில் இருப்பவர் இப்போதுதான் கண் அயர்ந்தார். பின்னால் கேட்பது அம்மா அம்மியில் மிளகு நசுக்கும் சத்தம். பிரசவம் ஆகி ஐந்து மாதம் ஆகியும் எனக்குப் பத்தியக் குழம்பு ஓய்ந்தபாடில்லை.

போன வாரம் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "பால் கொடுப்பவளுக்கு எப்படி வரும்?" என்றார் பெரியம்மா. எப்படி என்று யோசித்தால் காரணம் தொட்டிலிலேயே இருக்கிறது. நாலரை மாதத்தில் இவன் இரவு ஒன்பது மணிக்குத் தூங்கினால் விடிந்துதான் எழுந்தான். வீடே கொண்டாடியது. குழந்தை அடிக்கடி உறிஞ்சும்போதுதான் கருமுட்டை வெளியாவது தடைபடுகிறது. அந்த உறிஞ்சலில் சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். அந்த ராத்திரிப் பால் நின்றது, சில வாரத்திலேயே விலக்கு.

பால் கொடுப்பதே கருத்தடை என்பது முழுப் பொய்யும் இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் திரும்பாமல் இருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு உண்டு. ஆனால் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். பகலில் நான்கு மணி நேரம், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. இவனோ எட்டு மணி நேரம் தூங்கினான்!

மூன்றரை மாத ஊசி போடப் போனபோது நர்ஸம்மா, "கருத்தடைக்குக் காப்பர் டி போட்டுக்கொள்கிறாயா?" என்று கேட்டார். "இன்னும் வரவே இல்லையே அக்கா" என்றேன். அவர் சிரித்தார். "முட்டை முதலில் வரும், தீட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். நீ தீட்டுக்காகக் காத்திருப்பாய், அதற்குள் அடுத்தது தங்கிவிடும்." எங்கள் தெருவில் ஒரு மதினி அப்படித்தான், முதல் பிரசவத்துக்குப் பிறகு ஒரு முறைகூடத் தலை முழுகாமலே மறுபடி 'முழுகாமல்' இருந்தார். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள்.

அதனால் இப்போதே முடிவு செய்தாயிற்று. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் சாயா என்ற கருத்தடை மாத்திரைதான். அதில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரை மட்டும் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் கலந்தது என்றால், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு அது சரிவராது.

முதல் விலக்கு எனக்கு முன்பைவிட அதிகமாகவே போனது. அது பலருக்கும் நடப்பதுதான், அடுத்தது நாற்பது நாள் தள்ளி வந்தாலும் பதற வேண்டாம். ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாகப் போனாலோ, காய்ச்சலும் நாற்றமும் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊற வைத்துக் காத்திருக்காதீர்கள்.

ரத்தச் சோகைதான் என் உண்மையான பயம். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். நான் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன், மலச்சிக்கல்தான் காரணம். இப்போது மறுபடி ஆரம்பித்து, காபி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குகிறேன்.

விலக்கு நாட்களில் பால் கெட்டுவிடும் என்பதை நம்பாதீர்கள். பால் சற்றுக் குறைந்ததுபோல் இருக்கும், குழந்தை சிணுங்கும், இரண்டு மூன்று நாளில் சரியாகும். அதிகம் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று என் செம்பைப் பிடுங்கிவைத்த பெரியம்மாவிடம் மட்டும் நான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன். நேற்று குளியலறையில் ஒளிந்து நின்று குடித்தேன்.