மூடி போட்ட பெட்டி வேண்டவே வேண்டாம்! வீட்டுப் பள்ளி அலமாரி, பாகம் 2

வணக்கம் மக்களே! போன வீடியோவுல, வீட்டுலயே பாடம் படிக்கற குழந்தைங்களோட அலமாரியில இருந்ததையெல்லாம் தரையில கொட்டி மூணு குவியலா பிரிச்சோம்ல? தினமும் எடுக்கறது, வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கறது, அடுத்த பருவத்துக்கானது. இன்னைக்கு அதெல்லாம் மேல ஏறப்போகுது.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ரெண்டு நாளா மனசுல கொதிச்சுக்கிட்டு இருக்கு. ‘ஹோம்ஸ்கூல் செட்’னு ஒன்னு விக்கிறாங்க, பாத்தீங்களா? பன்னெண்டு பெட்டி, எல்லாத்துக்கும் கிளிப் வச்ச மூடி, 2,400 ரூபாய். வாங்கலாமான்னு எத்தனை பேர் கேட்டுட்டீங்க! வாங்காதீங்க. ஒன்னுமேல ஒன்னு அடுக்கினா போட்டோவுக்கு அழகா இருக்கும், அவ்வளவுதான். ஆறு வயசுக் குழந்தைக்கு கீழ்ப்பெட்டியில இருக்கற கத்தரிக்கோல் வேணும்னா மேல இருக்கற ரெண்டையும் இறக்கணும், ரெண்டு பக்கமும் கிளிப்பைத் தூக்கணும், மூடியை எங்கயாவது வைக்கணும். எடுக்கறப்போ ஆர்வத்துல இதெல்லாம் செஞ்சுடும். திரும்ப வைக்கறப்போ செய்யாது. அதனால நான் எதை வாங்கினாலும் பாக்கறது ஒன்னே ஒன்னுதான்: குழந்தை ஒத்தைக் கையால திரும்ப வைக்க முடியுமா?

அதுக்குத் திறந்த ட்ரேதான் சரி. கடையில ‘ஏ4 ட்ரே’ன்னு கொடுப்பாங்க, நம்பி வாங்கிடாதீங்க, அவங்க சொல்றது வெளி அளவு. ஏ4 தாள் 21-க்கு 29.7 செ.மீ. ட்ரேயோட ஓரம் சாய்வா இறங்கறதால அடிப்பக்கம் ரெண்டு மூணு செ.மீ. சுருங்கிடும். தாள் உள்ளே போகும், ஆனா நாலு மூலையும் மடங்கி நிக்கும். அடியில அளந்தா குறைஞ்சது 23-க்கு 32 இருக்கணும். கையோட ஒரு எல் ஃபோல்டர் (ஏ4 தாள் வைக்கற பிளாஸ்டிக் உறை) எடுத்துட்டுப் போங்க, அது ட்ரேயோட அடியில தட்டையா படுத்தா வாங்கலாம். உயரம் 10 செ.மீ.க்கு மேல வேண்டாம். ஆழம் கூடினா அடியில கிடக்கற பொருள் கண்ணுல படாது, கண்ணுல படாததைக் குழந்தை தேடாது.

இப்போ என் சந்தோஷத்துக்கு வர்றேன்! பென்சில், கத்தரிக்கோல், கம் எல்லாம் ஒன்னா வைக்கறதுக்குக் கைப்பிடி வச்ச ஸ்டாண்டு ஆன்லைன்ல 499 ரூபாய். பாத்திரக்கடைக்குப் போய் ‘ஸ்பூன் ஸ்டாண்டு’ன்னு கேளுங்க. நாலு அறை, நடுவுல கைப்பிடி, 70 ரூபாய்! அடியில ஓட்டை வேற இருக்கு. சீவின தூள் கீழ கொட்டிடும், ஈரக் கத்தரிக்கோல் வச்சாலும் தண்ணி தேங்காது, துரு பிடிக்கறது குறையும். ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு பழைய தட்டு வச்சுட்டா தூளை வாரம் ஒரு தடவை தட்டிக்கலாம். 499 ரூபாய் ஸ்டாண்டுல இந்த ஓட்டை கிடையாது. புதுப் பென்சில் பதினேழு பதினெட்டு செ.மீ. இருக்கும், எட்டிப் பாக்கும். பாதி தேஞ்சதும் உள்ளே மறைஞ்சுடும், உடனே ‘பென்சில் காணோம்’. தேஞ்ச பென்சிலுக்குன்னு தனியா ஒரு குட்டை டம்ளர் வச்சுடுங்க.

ஒயிட்போர்டு மார்க்கரை மட்டும் இந்த ஸ்டாண்டுல நிறுத்தாதீங்க. முனை மேல பாத்து நின்னா இங்க்ல இருக்கற நிறத்தூள் அடியில இறங்கிடும், எழுத்து வெளிறிப் போகும். மார்க்கர் தீந்துபோச்சுன்னு தூக்கிப் போடறாங்க பாருங்க, பாதி நேரம் இதுதான் காரணம். மூடியை இறுக்கி, முனையைக் கீழ வச்சு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. அப்புறம் எப்பவும் படுக்கப்போட்டே வைங்க. போர்டுல யாராவது பெர்மனன்ட் மார்க்கரால எழுதிட்டா பயப்படாதீங்க. அதே கோட்டுமேல ஒயிட்போர்டு மார்க்கரால நல்லா தடவி, காயறதுக்குள்ள துடைங்க. அந்த இங்க்ல இருக்கற கரைப்பான் பழசையும் கரைச்சு எடுத்துடும்.

மூடி மேல எனக்கு இன்னொரு கோபமும் இருக்கு: ஈரம். ஐப்பசி, கார்த்திகையில வாட்டர்கலர் டப்பாவை ஈரத்தோட மூடினா ரெண்டு நாள்ல பூஞ்சை. டப்பாவுல இருக்கற கலர் கட்டி தொட்டா ஒட்டாத அளவு காய்ஞ்சப்புறம்தான் மூடணும். கலக்கின போஸ்டர் கலரைத் திரும்ப பாட்டிலுக்குள்ள ஊத்தவே கூடாது, முழு பாட்டிலும் நாறிடும். ஈரப் பிரஷ்ஷை முடி மேல இருக்கற மாதிரி நிறுத்தினா தண்ணி தகரப் பூணுக்குள்ள இறங்கி முடி கொட்டும். துணிமேல படுக்கப்போட்டுக் காய வைங்க.

மூடி கட்டாயம் வேணுங்கற பொருளும் இருக்கு. குட்டிக் காந்தம், பட்டன் பேட்டரி, கோர்க்கற மணி. வீட்டுல தவழற குழந்தை இருந்தா இதெல்லாம் இறுக்கமான மூடிக்குள்ள, உசரத்துல. ரெண்டு காந்தம் வயித்துக்குள்ள போனா குடலைக் கவ்விப்பிடிச்சு ஓட்டை போட்டுடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில மாட்டினா ரெண்டு மணி நேரத்துலயே புண்ணாக்கிடும். இதுல மட்டும் நான் எந்தச் சமாதானத்துக்கும் வரமாட்டேன்.

அடடா, மேசையைப் பத்திச் சொல்லவே இல்லையே! மூணரை அடியிலிருந்து நாலு அடி வரைக்கும் உயரமுள்ள குழந்தைக்கு நாற்காலி சுமார் 12 அங்குலம், மேசை 21 அங்குலம். நம்ம டைனிங் டேபிள் 30 அங்குலம். அதுல உக்காந்தா தோளைத் தூக்கிக்கிட்டு எழுதும், கால் தொங்கும், பத்து நிமிஷத்துல நெளியும். டேபிளை மாத்த முடியலன்னா சீட்டை உசத்தி, காலுக்குக் கீழ ஒரு மணையைப் போடுங்க. தரையில உக்காந்து எழுதற சாய்வு மேசையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், முழங்கை உயரத்துக்கு இருந்தா போதும். வலது கைக்காரங்களுக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும், இல்லன்னா கையோட நிழல் எழுத்துமேல விழும்.

சரி, புத்தகம். படுக்கப்போட்டு அடுக்காதீங்க, நிமிர்த்தி வைங்க. திறந்த தட்டுல இந்தப் பருவத்துப் புத்தகம் மட்டும். மத்ததெல்லாம் மேல் தட்டுக்கு. வெளிச்சுவர்ல ஒட்டி வைக்காம ரெண்டு விரல் இடைவெளி விடுங்க, மழைக்காலத்துல சுவர் ஓதம் நேரா அட்டையிலதான் ஏறும். ராமபாணப் பூச்சிக்கு அந்தக்கால ஓலைச்சுவடிக்கு வச்ச மாதிரி வசம்புத் துண்டைத் துணியில முடிஞ்சு வைங்க, அதுவும் கைக்கு எட்டாத உசரத்துல. அந்துருண்டை வேண்டாம், மிட்டாய்னு நினைச்சு வாயில போட்டுக்கும், அது விஷம்.

பேப்பர் கட்டு மேல் தட்டுல ஏத்தாதீங்க. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்னு 5 கிராம், 500 தாள் கட்டு ரெண்டரை கிலோ. நாலு கட்டு பத்து கிலோ. கனம் எப்பவும் கீழ. அலமாரியை எல் கிளாம்ப் (எல் வடிவ இரும்புப் பட்டை) போட்டு சுவரோட முடுக்குங்க, குழந்தைங்க தட்டை ஏணியாத்தான் பாக்கும். வாடகை வீட்டுல ஓட்டை போட விடமாட்டாங்கன்னா இடுப்புயர அலமாரியோட நிறுத்திக்கங்க.

லேபிள்! படம், அதுக்குக் கீழ வார்த்தை. ட்ரேயில ஒன்னு, தட்டுல அந்த ட்ரே நிக்கற இடத்துல அதே படம் இன்னொன்னு. இந்த ரெண்டாவது லேபிள்தான் வேலை செய்யும், முக்கால்வாசிப் பேர் அதை ஒட்டறதே இல்ல. படிக்கத் தெரியாத குழந்தையும் படத்துக்குப் படம் பொருத்தி வச்சுடும். தாளை ஒட்டி அதுமேல அகலமான டேப் போடறப்போ நாலு பக்கமும் ஒரு செ.மீ. வெளியே நீட்டி ஒட்டுங்க. தாள் ஓரத்தோட வெட்டினா ஈரம் உள்ளே போய் ஒரு மாசத்துல உரிஞ்சுடும்.

கடைசியா அந்த மேல் தட்டு மூலையில ஒரு ஃபைல் தெரியுது பாருங்க, அது குழந்தைங்க தொடறதுக்கில்ல. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ, மாசத்துக்கு ஒரு எழுத்து வேலை, ஒரு கணக்கு வேலை, பின்னாடி தேதி போட்டு. தினமும் பள்ளிக்குப் போகாமலே பரீட்சை எழுதற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில (NIOS) பத்தாவதுக்குச் சேர 14 வயசு நிறைஞ்சிருக்கணும், அப்போ வயசுச் சான்று தேடி அலமாரியை மறுபடி தரையில கொட்டவேண்டாம். கேமராவை இப்படியே ஓட விடறேன், முதல் ட்ரேயிலிருந்து ஆரம்பிக்கலாம்.