மேசைப் போரில் நிறைவு தருவது சிறுபடையே: வேலூர்ப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வெயில் தணியும் முன்பே வந்து அரங்கை நிறைத்திருக்கும் வேலூர்ப் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

"மினியேச்சர் போர் விளையாட்டில் நிறைவு தருவது பெரும்படையா, சிறுபடையா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். மேசை நிறைய வீரர்கள் அணிவகுத்து நிற்கும் காட்சிக்கு ஈடு இல்லை என்றார். படை பெரிதானால் பகடையின் தற்செயல் அடங்கித் திறமை மேலே வரும் என்றார். நம் வட்டாரத்தில் நடந்த போர்களை ஒரு கைப்பிடி உருவங்களை வைத்துக்கொண்டு ஆடிக் காட்ட முடியாது என்றார். மூன்றுமே மதிக்கத்தக்க வாதங்கள். அவற்றுள் இரண்டாவது மிக வலியது என்பதால் அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரிகள். விரலளவு வீரர் உருவங்களை வாங்கி, நாமே வண்ணம் தீட்டி, குன்றும் தோப்பும் வீடுகளும் அமைத்த மேசையில் நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதலின் முடிவை அறிகிறோம். 28 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் உயரமுள்ள உருவங்கள் பரவலாகப் புழங்குகின்றன. ஒரு பக்கத்துக்கு ஐம்பது உருவங்களுக்குள் அடங்குவதைச் சிறுபடை என்றும், நூறைத் தாண்டுவதைப் பெரும்படை என்றும் வைத்துக்கொண்டு பேசுகிறேன். எதிரணியினரும் இந்த வரையறையை ஏற்பார்கள் என நம்புகிறேன்.

நடுவர் அவர்களே, போர் விளையாட்டு என்பது முடிவெடுக்கும் விளையாட்டு. எதை நகர்த்துவது, எதை நிறுத்தி வைப்பது, எதை இழக்கத் துணிவது என்ற கேள்விகள் ஒவ்வொரு சுற்றிலும் எழ வேண்டும். இதற்கு நான் காட்டும் முதல் சான்று, 1990-இல் பிரிட்டனில் வெளிவந்த டி.பி.ஏ. என்னும் பழங்காலப் போர் விதிகள். அதில் ஒரு படைக்கு 12 பிரிவுகள் மட்டுமே உண்டு; ஒரே அடித்தட்டில் ஒட்டிய உருவங்களே ஒரு பிரிவு. 15 மில்லிமீட்டர் உருவங்களுக்கு இரண்டடிக்கு இரண்டடிப் பலகை போதும். நான்கு பிரிவுகளை இழந்து, எதிரியைவிட அதிகமாகவும் இழந்திருப்பவர் தோற்றார். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். இவ்வளவு சிறிய ஆட்டத்தில் என்ன ஆழம் இருக்க முடியும் என்று எதிரணியில் ஒருவர் கேட்டார்.

ஆழம் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆடுபவர் ஒரே ஒரு பகடையை உருட்டுகிறார். அதில் விழும் எண்தான் அந்தச் சுற்றில் அவருடைய ஆணைகளின் எண்ணிக்கை. ஓர் ஆணைக்கு ஒரு தனிப் பிரிவையோ, ஒட்டி நிற்கும் ஓர் அணிவரிசையையோ நகர்த்தலாம். வரிசை குலையாமல் இருக்கும்வரை ஓர் ஆணையில் படையின் பாதி கூட நகரும். மோதல் தொடங்கி வரிசை சிதறியபின் ஒவ்வொரு துண்டும் தனி ஆணை கேட்கும். அப்போது பகடையில் 2 விழுந்தால், வலப்பக்கம் தனித்து நிற்கும் குதிரைப்படையைக் காப்பாற்றுவதா, நடுவில் விழுந்த ஓட்டையை அடைப்பதா, இடப்பக்கம் எதிரியை வளைப்பதா என்ற மூன்றில் இரண்டைத்தான் செய்ய முடியும். மூன்றாவதைக் கைவிட்டாக வேண்டும். ஒழுங்கு குலைந்த படையை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை 12 பிரிவுகளும் ஒரு பகடையும் இப்படிக் கற்பிக்கின்றன. நூற்றைம்பது உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆறு அங்குலம் நகர்த்தும் அரைமணி நேரத்தில் இத்தகைய தெரிவுகள் எத்தனை எழும்? கைகளுக்கு வேலை இருக்கும், அறிவுக்கு இருக்காது. எதிரே இருப்பவருக்கோ அந்த அரைமணி முழுவதும் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

சாகா என்னும் விதிகளும் இதே வழியில் செல்கின்றன. அதில் 6 புள்ளிகள் கொண்டது ஒரு முழுப்படை. ஒரு புள்ளிக்கு 4 மெய்க்காவலர், அல்லது 8 போர்வீரர், அல்லது 12 குடிப்படையினர் கிடைப்பார்கள். பலரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் யாரும் யோசிக்க மாட்டோம். ஆறே புள்ளிகள் என்றதும், இன்னும் நான்கு மெய்க்காவலர் வேண்டுமா, பன்னிரண்டு குடியானவர் வேண்டுமா என்று ஒரு வாரம் மனம் ஓயாமல் கணக்குப் போடுகிறது.

அடுத்து இடம். கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் வார்ஹேமர் 40,000 விளையாட்டை வெளியிட்டபோது, அது சிறு குழுக்கள் மோதும் ஆட்டமாகவே இருந்தது. இன்று 2,000 புள்ளிப் படை என்பது வழக்கமாகிவிட்டது (இங்கே ஒரு புள்ளியின் மதிப்பு சாகாவின் புள்ளியைவிட மிகச் சிறியது); 60 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் உள்ள மேசையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆடுகிறார்கள். காலாட்படை மிகுந்த படையென்றால் அதில் நூறு உருவங்களுக்குமேல் நிற்கும். மேசை வளரவில்லை, படை மட்டும் வளர்ந்திருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீரர்கள் தோளோடு தோள் நின்றால் பக்கவாட்டுத் தாக்குதல் என்ற ஒன்றே இல்லாமல் போகும், வளைத்துச் செல்ல வழி இருக்காது, மறைந்து நிற்கத் தோப்பு இருந்தாலும் அதற்குள் பத்துப் பேருக்குமேல் கொள்ளாது. அந்நிலையில் யார் முதலில் சுடுகிறார் என்பதே பெரிதாகிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் வகுத்த கணக்கு இங்கே பொருந்தும். குறிபார்த்துச் சுடும் இரு படைகள் திறந்த வெளியில் மோதினால், அவற்றின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார் அவர். சமமாக 1,000 பேர் கொண்ட இரு படைகளில் ஒன்று முதல் வீச்சிலேயே 200 பேரை வீழ்த்திவிட்டால், 800 பேரோடு தொடரும் மறுபடை முற்றாக அழியும்போது முன்னதில் 600 பேர் எஞ்சியிருப்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு முன்னிலை, போர் முடிவில் முழு வெற்றியாகிவிடுகிறது. இந்தக் கணக்கு சிறுபடைக்கும் பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தும், திறந்த வெளியில் நின்றால். ஆனால் முப்பது வீரர்களும் அதே மேசையும் என்றால், முப்பது பேரையும் சுவருக்குப் பின்னாலும் மேட்டுக்கு அப்பாலும் நிறுத்த இடம் இருக்கிறது. முதல் வீச்சுக்கு இலக்கே கொடுக்காமல் ஆட்டத்தைத் தொடங்கலாம்.

இப்போது தற்செயல் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். பாதி வாய்ப்புள்ள 10 பகடைகளை உருட்டினால், 3 அல்லது அதற்கும் குறைவாக வெற்றி விழ ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. அதே வீதத்தில் 100 பகடைகளை உருட்டி 30 அல்லது அதற்கும் குறைவாக விழ, பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. எதிரணித் தலைவர் சொன்ன கணக்கு சரியானது. அதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன். நூறு பகடை உருட்டினால் ஐம்பதுக்குப் பக்கத்தில்தான் விழும் என்று இருவருக்கும் முன்பே தெரியும் என்றால், எதிர்பாராததைச் சமாளிக்கும் திறமைக்கு அங்கே என்ன வேலை? நம்பி அனுப்பிய பிரிவு சிதறி ஓடும்போது அடுத்த நொடியில் என்ன செய்கிறோம் என்பதும் திறமைதான். படைத்தலைவருக்கு அதைவிடப் பெரிய திறமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு மாலையில் பெரும்படை ஆட்டம் ஒன்றுதான் முடியும். சிறுபடை ஆட்டம் மூன்று முடியும். நூற்றுக்கு 60 ஆட்டங்களில் வெல்லக்கூடிய ஒருவர், மூன்றில் இரண்டை வென்றால் போதும் என்ற போட்டியில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 முறை வெல்வார். தற்செயலைக் குறைக்க வேண்டுமென்றால் ஆட்டங்களைக் கூட்டலாம், வீரர்களைக் கூட்டத் தேவையில்லை. முதல் ஆட்டத்தில் செய்த பிழையை இரண்டாம் ஆட்டத்திலேயே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அதில் கூடுதலாகக் கிடைக்கிறது.

மூன்றாவது வாதம் நம் மண்ணைப் பற்றியது. அதனாலேயே எனக்கு நெருக்கமானது. இங்கிருந்து சிறிது தொலைவில்தான் ஆற்காடு இருக்கிறது. டில்லி வாசலைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். 1751-இல் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் வந்து ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்தார். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு உரிமை கோரிய சந்தா சாகிபின் மகன் ரசா சாகிப் முற்றுகையிட்டார். வேலூரிலிருந்தும் அவருக்குத் துணைப்படை சென்றது. ஏறத்தாழ 10,000 பேர் சூழ்ந்த முற்றுகை 50 நாள் நீடித்தது. இறுதியில் கோட்டைக்குள் எஞ்சியோர் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும். கிளைவைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மதில்களைக் காத்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள் என்பதை வரலாற்றை வாசிக்கும் எவரும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் கோட்டையின் சுற்றளவு ஒரு மைலுக்கும் மேல். 320 பேரைச் சமமாகப் பரப்பினால் ஐந்து மீட்டருக்கு ஒருவர்தான் நிற்பார். மதில் இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. வாயில்களை முட்டித் திறக்க நெற்றியில் இரும்புத் தகடு பூட்டிய யானைகள் வந்தன. அகழியைக் கடக்கத் தெப்பம் விட்டார்கள். எந்த உடைப்பில் எத்தனை பேர், ஆள் குறைந்தால் எங்கிருந்து எடுப்பது, இருக்கும் சில பீரங்கிகளை எந்தப் பக்கம் திருப்புவது? பத்துப் பேருக்கு ஓர் உருவம் என்று வைத்தால் காவலர்கள் 32 உருவங்கள். முற்றுகையிடுபவர் பக்கம், ஓர் உடைப்பின்மீது பாய்ந்த பிரிவை மட்டும் மேசையில் வைத்தால் போதும். ஆற்காட்டு முற்றுகையின் முழுப் பதற்றமும் அந்த 32 உருவங்களை எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. அவற்றை 320 ஆக்கினால் அந்தப் பதற்றம் அதிகமாகிவிடாது.

சோளிங்கரை எப்படிக் காட்டுவீர்கள் என்று எதிரணி அம்மையார் கேட்டார். 1781 செப்டம்பர் 27-ஆம் நாள் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் அங்கே மோதியது உண்மை. பல்லாயிரம் பேர் மோதியதும் உண்மை. ஓர் அடித்தட்டு ஒரு முழுப் படைப்பிரிவைக் குறிக்கும் என்று வைத்தால் அந்தப் போரும் இரண்டடிப் பலகைக்குள் வந்துவிடும். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் தம் நாட்டு ராணுவத்துக்குக் கொடுத்த போர்ப் பயிற்சி விளையாட்டில் ஒரு சிறு கட்டை ஒரு பிரிவைக் குறித்தது. உண்மையான போருக்குப் போகவேண்டிய அதிகாரிகள் அந்தக் கட்டைகளை வைத்துத்தான் பயின்றார்கள். வாட்டர்லூவை எடுத்துக்கொள்ளுங்கள். வெலிங்டன் பக்கம் ஏறத்தாழ 68,000 பேர், நெப்போலியன் பக்கம் ஏறத்தாழ 72,000 பேர். இருபது பேருக்கு ஓர் உருவம் என்றாலும் 7,000 உருவங்கள் வேண்டும். ஓர் உருவத்துக்கு இரண்டு மணி நேரம் என்று குறைத்தே வைத்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் தீட்டினாலும் 19 ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் ஓர் உருவம் இருபது பேரின் குறியீடாகத்தான் நிற்கும். எப்படியும் குறியீடுதான் என்றால் அது கைக்கு அடங்கும் அளவில் இருக்கட்டும்.

காட்சி அழகைப் பற்றிய முதல் வாதத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நவராத்திரிக் கொலுவின் ஒன்பது படிகளும் நிறைந்திருக்கும்போது எவ்வளவு அழகாக இருக்கின்றனவோ, அவ்வளவு அழகு பெரும்படைக்கும் உண்டு. ஆனால் கொலு பார்ப்பதற்காக வைக்கப்படுவது. நம் மேசையோ ஆடுவதற்காக அமைக்கப்படுவது. அழகு என்றே பேசினாலும், ஐம்பது வீரர்களை மட்டும் வைத்திருப்பவர் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரம் ஒதுக்குகிறார். இருநூறு வைத்திருப்பவர் பலரை அடிப்பூச்சோடு நிறுத்திவிட்டுக் களத்துக்கு வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலூரின் மே மாத வெயிலில் தட்டில் பிழிந்த வண்ணம் தூரிகை தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது. அந்த மாதத்தில் பத்து உருவங்களை முடிப்பதே பெரிய காரியம்.

நம் ஊர் நிலைமையையும் நடுவர் அவர்கள் கருத வேண்டும். எதிராளி பக்கத்துத் தெருவில் கிடைப்பதில்லை. காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஆடிவிட்டு இரவுக்குள் திரும்புகிறார்கள். 15 மில்லிமீட்டர் டி.பி.ஏ. படைகள் இரண்டும், மடக்கும் பலகைக்கான துணியும், பகடையும் ஆம்பூரில் வாங்கிய காலணிப் பெட்டி ஒன்றுக்குள் அடங்கும். வாடகை வீட்டில் சாப்பாட்டு மேசை தவிர வேறு மேசை இல்லாத குடும்பத்தில், இரவு உணவு நேரத்துக்கு முன் ஆட்டத்தை முடித்து மேசையைத் திருப்பித் தர முடிகிறது. விடுதி அறையில் தங்கிப் படிக்கும் மாணவர் கட்டிலின்மேல் பலகையை வைத்து ஆடிவிடுகிறார். நம் கோயில் மண்டபத் தரைகளில் கோடு கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும்தான். அந்தப் பதினெட்டுக் காய்களோடு தலைமுறை தலைமுறையாக ஆடியவர்கள், காய் போதவில்லை என்று கூட்டிக்கொள்ளவில்லை.

ஏற்கெனவே பெரும்படை சேர்த்தவர்கள் அதை என்ன செய்வது என்று எதிரணித் தலைவர் கடைசியாகக் கேட்டார். நல்ல கேள்வி. அவர்கள் எதையும் விற்க வேண்டியதில்லை. இருநூறு உருவங்களிலிருந்து ஐந்து சிறுபடைகளை எடுக்கலாம். ஐந்து படையில் நான்கைப் புதியவர்கள் கையில் கொடுத்து ஆடக் கற்றுத்தரலாம். அப்படிச் செய்தால் ஒரே வீட்டில் ஓர் ஆண்டுக்குள் நான்கு எதிராளிகள் உருவாவார்கள். அவர் இசைந்தால், மன்றம் கலைந்ததும் பக்கத்து அறையில் ஆற்காட்டுத் தென்மேற்கு உடைப்பை 32 காவலர்களோடு அமைத்து வைத்திருக்கிறேன். முற்றுகையிடும் பக்கத்தை அவரே எடுத்துக்கொள்ளலாம், நடுவர் அவர்கள் அளவுநாடா பிடிக்கலாம்.